கொழுந்தின் எடை குறையாமல் ஒரு படம்

தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணை நிறுத்தி, கேமராவை வைத்து அரை மணி நேரம் பேசினால் அவருக்கு எவ்வளவு நஷ்டம்? எட்டு மணி நேரத்தில் நாற்பது கிலோ பறிக்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஐந்து கிலோ, அரை மணிக்கு இரண்டரை. இரண்டரை கிலோ பெரிய விஷயமா என்று கேட்கலாம். தோட்டத்தில் அடிப்படைக் கிலோ என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் பறித்தால்தான் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு. நான் பிடித்து வைத்த அரை மணி நேரம் அடிப்படையில் குறையாது, மேலே இருக்கிற அந்தக் கூடுதலில்தான் குறையும். பேரனுக்கு நோட்டு வாங்குவதும் மருந்துக் கடை பாக்கியை அடைப்பதும் அந்தக் காசில்தான்.

நீலகிரியில் பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஆவணப்படம் எடுக்க வந்ததிலிருந்து என் எல்லா முடிவுகளும் இந்தக் கணக்கில் வந்துதான் நிற்கின்றன. எத்தனை மணிக்குக் கேமராவை எடுப்பது, யாரிடம் எந்த மாதத்தில் பேசுவது, எத்தனை பேர் போவது, எவ்வளவு தூரத்தில் நிற்பது, எல்லாமே. ஆவணப்படத்தின் வடிவம் எடிட்டிங் மேசையில் பிறக்கிறது என்று சொல்வார்கள். இந்தப் படத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது தராசு.

ஊட்டியிலிருந்து கூடலூர் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்திலேயே எச்.பி.எஃப். என்று ஒரு நிறுத்தம் வரும். 1960இல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்த இடம். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்துதான் நாடு முழுக்கப் போயின. இப்போது மூடிக் கிடக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு முன்னால் இந்த மலைகளில் படம் எடுத்தவர்களை நினைத்துக்கொள்வேன். நானூறு அடி கொண்ட ஒரு 16 மி.மீ. ரோல் சுமார் பதினோரு நிமிடம்தான் ஓடும். ரோல் மாற்ற வேண்டும், காசும் கணக்குப் பார்க்க வேண்டும். அதனால் 'கொஞ்சம் நில்லுங்க, இப்படித் திரும்புங்க, இன்னொரு தடவை பறிங்க' என்று கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நொடிக்கு நூறு மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தாலும் மணிக்கு 45 ஜிபிதான், கார்டு தாங்கும். தொழில்நுட்பம் எனக்குத் தந்த பெரிய வரமாக நான் நினைப்பது இதைத்தான். யாரையும் நிறுத்தச் சொல்லாமல் எடுக்கலாம்.

அதே சாலையில் இன்னும் போனால் ஒன்பதாவது மைல் ஷூட்டிங் மட்டம். எத்தனையோ பாட்டுகளுக்கு ஆடிய புல்வெளி. நீலகிரியில் கேமரா என்றால் சினிமா என்பது ஊறிப்போன நினைப்பு. தோட்டத்தில் ட்ரைபாடை விரித்தால் முதலில் வருகிற கேள்வி, "ஈரோ யாரு?" ரெண்டாவது, "எந்த டிவியில வரும்?" மூன்றாவதாக வரும் கேள்வி கொஞ்சம் கனமானது: "எங்கள எதுக்குப் புள்ள எடுக்கிற?"

அதற்கு நான் சொல்லும் பதில் நீளமானது. நடுவட்டம் இறங்கி, கூடலூர் தாண்டி, நாடுகாணி, தேவாலா வழியாகப் பந்தலூர் போனால் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்கள் வரும். எல்லோரும் டேன்டீ என்பார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே உருவான தோட்டங்கள் இவை. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அங்கே தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலைக்கு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் இங்கே கொழுந்து பறிக்கிறார்கள். ஊரில் இன்றும் 'சிலோன்காரங்க' என்றுதான் பெயர்.

அந்தத் தலைமுறையில் நினைவு தெளிவாக இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். காலியான நிரைகளில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் பறிக்கிறார்கள். 2022இல் தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது, தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயன் வீடுகளில் எல்லோருக்கும் அதே பழைய கேள்வி திரும்பி வந்தது: இனி எங்கே போவது? நான் படம் எடுப்பது இதற்காகத்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். நாங்கள் இரண்டே பேர். நான் கேமரா, நண்பர் ஒலிப்பதிவு. நிரைக்கு நடுவில் இரண்டு பேருக்கு மேல் நின்றால் பறிப்பவர்களுக்கு வழி மறியும். தேயிலைச் செடி இடுப்பளவு, நிரைகளுக்கு இடையில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுதான் இடம். முதல் சில வாரங்கள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. யார் எந்த நிரையில் ஆரம்பிப்பார், யாருக்கு முழங்கால் வலி, யார் யாரோடு பேசமாட்டார், டீக்கு எப்போது உட்கார்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். படப்பிடிப்புக்கு இதுவே பாதி வேலை என்பேன். பறிப்பவருக்கு எதிரே நிற்கக் கூடாது, அவர் முன்னோக்கி வருகிறார். பின்னாலும் கூடாது, மூட்டையோடு திரும்புவார். பறித்து முடித்த பக்கத்து நிரையில், அவருடைய இடது தோளுக்குச் சற்று பின்னால் நின்றால் கையும் தெரியும், முகத்தில் ஒரு பக்கமும் தெரியும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. படத்தில் பெரும்பாலான ஷாட்டுகள் அந்த இடத்திலிருந்துதான். இது அழகியலா என்று ஒரு நண்பர் கேட்டார். வழிவிட்டு நின்றதால் வந்த அழகியல்.

கோடை மழை விழுந்து இலை பொங்குகிற மாதங்களில் நாங்கள் யாரிடமும் பேச்சே கொடுப்பதில்லை. அப்போதுதான் கூடுதல் கிலோ கிடைக்கும், அவர்களுக்கு வருடத்தின் சம்பாத்தியமே அந்த மாதங்களில்தான். எடுப்பதெல்லாம் வேலையை மட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறட்சி, இலை குறைவு. ஓடி ஓடிப் பறித்தாலும் எடை ஏறாது. அப்போது உட்கார்ந்து பேசச் சம்மதிப்பார்கள். அதனால் படத்தில் மழைக்காலம் முழுக்கப் பேட்டியே கிடையாது, வெயில் வந்த பிறகுதான் ஆட்கள் வாய் திறக்கிறார்கள். நான் வகுத்த உத்தி இல்லை இது, இலையின் பருவம் அப்படி. இதைவிடச் சரியான கட்டமைப்பை எந்தத் திரைக்கதைப் பட்டறையும் எனக்குத் தந்திருக்காது.

மழைக்காலத்தில் பேட்டி எடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. லயன் வீட்டுத் தகரக் கூரையில் மழை அடித்தால் எதிரே இருப்பவர் பேசுவதே கேட்காது, மைக்குக்கு என்ன கேட்கும்! வானிலைச் செய்தியில் அதிக மழை பெய்த ஊர் என்று தேவாலா, பந்தலூர் பெயரை அடிக்கடி வாசிப்பார்களே, அந்த மழை. ஜூனில் பிடித்தால் துணி காயாது, சுவர் வியர்க்கும், செருப்பில் பூஞ்சை படியும். லென்ஸுக்குள்ளும் படியும். இந்தப் பக்கம் படம் எடுக்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: விலை உயர்ந்த பை எதுவும் வேண்டாம், காற்றுப் புகாத மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவும் நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல்லும் போதும். ஈரம் குடித்தால் நீலம் இளஞ்சிவப்பாக மாறும். சமையலுக்கு எடுக்காத பழைய இரும்புச் சட்டியில் இளந்தீயில் சூடாக்கினால் மறுபடியும் நீலமாகும். அப்புறம், வெளியில் குளிரில் இருந்த கேமராவை அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுபோனதும் திறக்காதீர்கள். பையோடு ஒரு ஓரமாக வைத்து, உள் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இல்லையென்றால் கண்ணாடி முழுக்க ஆவி பிடித்துக்கொள்ளும், துடைக்கத் துடைக்க வரும். பேட்டரியை மட்டும் உடம்பு சூட்டில், ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அது சீக்கிரம் இறங்கும்.

மின்சாரம் இன்னொரு கதை. லைனில் மரம் விழுந்தால் இரவு முழுக்க இருட்டுதான். பஜாரில் ஒரு கடைக்கு மேலே எங்கள் அறை. கீழே கடைக்காரர் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் ஒரு பேட்டரியும் சார்ஜ் ஏறியதில்லை, அவர் ஒரு நாளும் காசு வாங்கியதும் இல்லை.

பொழுது சாய்ந்த பிறகு தோட்டத்தில் எடுப்பதில்லை. யானைதான் காரணம். தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் இங்கே வேலி என்று ஒன்றும் கிடையாது. எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். வந்தால் அந்தப் பக்கத்து வேலை தாமதமாகத்தான் தொடங்கும், நாங்களும் சேர்ந்து காத்திருப்போம். அந்தக் காத்திருப்பில், வேலை தொடங்காத அரை மணி நேரத்தில், யாருடைய கிலோவும் எங்களால் குறையாத நேரத்தில், மிக நல்ல பேச்சுகள் கிடைத்திருக்கின்றன. ட்ரோன் பறக்கவிடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். காட்டை ஒட்டிய இடத்தில் அதற்கு அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம். மேலேயிருந்து பார்த்தால் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாகத் தெரியும், அதில் ஆட்கள் புள்ளிகள். அந்தப் படத்தைத்தான் காலண்டரிலும் டீ பாக்கெட்டிலும் காலங்காலமாகப் பார்த்து வருகிறோம்.

ஒலியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொழுந்து ஒடிகிற சத்தம். கேட்டிருக்கிறீர்களா? இளம் தண்டு சின்னதாக, ஈரமாக ஒடியும். ஒரு கை பறித்தால் அது சத்தமே இல்லை. இருபது கைகள், மூடுபனியில், காற்று அடங்கிய நேரத்தில் பறிக்கும்போது நிரை முழுக்க அந்தச் சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நண்பர் அதைப் பிடிக்கப் பல காலைகள் எடுத்துக்கொண்டார். சில நிரைகளில் இப்போது கத்தரி வந்துவிட்டது, அங்கே இந்தச் சத்தம் இல்லை, 'சரக் சரக்' என்ற வெட்டுதான். கையால் பறித்த காலம் எப்படிக் கேட்டது என்று பிற்காலத்தில் யாராவது தேடினால் எங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கும். மூன்று பிரதிகள், மூன்று வேறு ஊர்களில்.

காசு விஷயம். பேட்டி கொடுப்பவருக்குப் பணம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அவர் நமக்குப் பிடித்ததைச் சொல்வார் என்று ஒரு விதியைச் சொல்லித் தருகிறார்கள். மாதச் சம்பளக்காரரைப் பேட்டி எடுக்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். கிலோவுக்குக் கூலி வாங்குகிறவரிடம் அந்த விதியைக் காட்டுவது அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என்னுடைய நேரத்துக்கு என் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கிறது, கேமரா வாடகைக்கு ஒரு வரி இருக்கிறது, அவருடைய நேரத்துக்கு மட்டும் வரி இல்லை என்றால் அது என்ன நேர்மை? நாங்கள் செய்வது இதுதான். வேலை நேரத்தில் யாரையாவது நிறுத்த வேண்டி வந்தால், அந்த நேரத்துக்கு அவர் பறித்திருக்கக்கூடிய கிலோவைக் கணக்குப் பார்த்து அன்றைக்கே, எல்லோருக்கும் தெரியக் கொடுத்துவிடுவோம். எல்லோருக்கும் ஒரே கணக்கு. நன்றாகப் பேசியவருக்கு அதிகம், அழுதவருக்கு அதிகம் என்று கிடையாது. பேச மறுத்துத் திரும்பிப் போனவருக்கும் நின்ற நேரத்துக்கு உண்டு. நிதி உதவி விண்ணப்பங்களில் இதை எழுத இடம் இருக்காது. 'இதர செலவுகள்' என்பதில் நுழைக்காமல், தனி வரியாகப் போட்டு விளக்கம் எழுதி அனுப்புகிறேன். சிலர் அதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கேட்கட்டும். மீதிச் செலவுக்குச் சமவெளியில் கல்யாண சீசனில் எடிட்டிங் செய்து சம்பாதிக்கிறேன். முகூர்த்த மாதங்களும் வறட்சி மாதங்களும் சில நேரம் மோதிக்கொள்ளும், அப்போது பேட்டிக்குத்தான் முதலிடம்.

சம்மதக் கடிதம் வாங்குவதில் இங்கே தனிக் கவனம் வேண்டும். இவர்கள் வாழ்க்கையே காகிதத்தால் திருப்பப்பட்டது. குடியுரிமைக்கு ஒரு விண்ணப்பம், கப்பலுக்கு ஒரு பாஸ்போர்ட், தோட்டத்துக்கு ஒரு பதிவு. ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தமிழில் எழுதி, கேமரா ஓடும்போதே முழுவதும் படித்துக் காட்டி, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதை இரண்டு முறை சொல்லி, அதன் பிறகுதான். படித்து முடித்ததும் ஒரு பெரியம்மா உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் தூக்கிவந்தார். பட்டுப் புடவை ஒன்று, அதற்குக் கீழே ரேஷன் பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள், தாயகம் திரும்பியபோது கொடுத்த ஃபேமிலி கார்டு. மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டி, டேப்பும் மஞ்சளாகிப்போயிருந்தது. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த பெருவிரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே வந்தார். அவருடைய அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள். தன் பெயரில் விரல் நின்றது. "இதுல வயசு தப்பா இருக்கு. நான் அப்ப இன்னும் சின்னப் புள்ள. அந்தத் தப்பால எனக்கு முன்னாடியே ரிட்டயர்டு பண்ணிட்டாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. 'ராமானுஜம்' என்ற கப்பலில் வந்தபோது வாந்தி எடுத்தது, மண்டபத்தில் முதல்முறை வெக்கையைப் பார்த்தது எல்லாம் அதற்கு அப்புறம்தான் சொன்னார். நான் கேட்டிருந்த கேள்வி வேறு. அதை மறுபடி கேட்கவே இல்லை.

எடை போடும் இடத்துக்கு வருகிறேன். மழை நின்ற ஒரு மாலை. மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டி நடுவில் தராசு தொங்குகிறது. மூட்டையைக் கொக்கியில் மாட்டியதும் ஆட்டம் நிற்கும் வரை யாரும் தொடக் கூடாது. வரிசையில் நிற்கிற பெண்கள் மூட்டையைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார்கள். கணக்கு எழுதுகிறவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லி, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து, நோட்டில் எழுதுகிறார். "தண்ணி என்ன நான் ஊத்தினதா? வானம் ஊத்துனதுக்கு எனக்கு ஏன் கழிக்கிற?" என்கிறார் ஒருவர். பதில் இல்லை, அடுத்த மூட்டை. புதிதாக வந்த ஜார்க்கண்ட் பெண்ணுக்கு எண் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் விரல்களை விரித்துக் காட்டுகிறார். கழித்த கிலோவுக்கு அந்த விரல்களை மடக்கிக் காட்டுகிறார். வரிசையில் கடைசி ஆள் வரை கேமராவை நகர்த்தவில்லை. நீளமான ஷாட்.

ரஃப் கட்டை, அதாவது முதல் எடிட்டிங் வடிவத்தைப் பார்த்த வெளியூர் நண்பர்கள் அத்தனை பேரும் அதைத்தான் வெட்டச் சொன்னார்கள். நான்கு மூட்டைகள் காட்டினால் போதும், பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும் என்றார்கள். நான் பதில் சொல்லாமல், வறட்சி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயன் பக்கத்தில் இருக்கிற கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டேன். ஞாயிறு துணி துவைக்கும் நாள், ரேஷனுக்கும் சந்தைக்கும் போகும் நாள். வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். படம் முழுக்கப் பேசிக்கொண்டே பார்த்தார்கள். யார் சேலை, யார் வீட்டுக் கோழி, கப்பலைப் பற்றிச் சொன்னது எந்த வருடம் என்று விவாதம். எடை போடும் இடம் வந்தபோது ஒவ்வொரு மூட்டைக்கும் ஆள் சொன்னார்கள். எண்ணைச் சொல்வதற்கு முன்னாலேயே ஊகித்துச் சொன்னார்கள். பலது சரியாக இருந்தது. முடிந்ததும் அந்த ஷாட்டைச் சுருக்கலாமா என்று கேட்டேன்.

"யார் மூட்டைய எடுப்ப?" என்று கேட்டார் பெரியம்மா.

நான்கு மூட்டைகளை வைத்துக்கொண்டு மற்றவர்களின் அன்றைய உழைப்பை விடுவது எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. ஷாட் முழு நீளத்தில் அப்படியே இருக்கிறது. படத்தைத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும்போதும் அப்படியே அனுப்பப் போகிறேன்.